தேக்கி வைத்த பதில்கள்

பேக்கரி அமலதாஸின் சாவுக்கு வந்தவர்களில் பல பேர் அவருடைய மனைவி ரோசலினின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜோடிப் பொருத்தம் பிரமாதம், சாப்பாடும் அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ரோசலினும் ஒவ்வொருவரிடமும், "பாயசம் குடிச்சீங்களா? குடிக்காமப் போகக் கூடாது" என்றார். சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் காரணமான ஆள் அதே வரிசையில், கையில் ஒரு ரோஜா மாலையோடு, தரை பிளந்தால் சௌகரியமாக இறங்கிவிடலாமே என்று காலடியைப் பார்த்தபடி நின்றிருந்தான். பெயர் நிதர்சன். உத்தியோகம், செயல்வேகப் பொறியாளர்.

மற்ற நாளாக இருந்தால், ஒருவர் ரோசலின் முன்னால் வந்து நின்றதும் அங்கே ஓர் அமைதி விழுந்திருக்கும். அரை நிமிடம், சில சமயம் ஒரு நிமிடம். திருச்சியில் இப்போது பேச்சு அப்படித்தான் நடக்கிறது. பேச வந்தவர் மனதில் நினைத்துக்கொண்டு நிற்பார். கேட்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேறு பக்கம் பார்ப்பது மரியாதைக் குறைவு. என்ன சொல்ல வருகிறார் என்று ஊகித்து முந்திக்கொண்டு முடித்துவைப்பது அதைவிடக் கேவலம். அதற்காகச் சம்பந்தம் முறிந்த குடும்பங்கள் உண்டு. டீக்கடைகளில் கிளாசுக்கு எவர்சில்வர் மூடி போட்டுத் தருவார்கள். இரண்டு பேர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஊமைக் காய்ச்சல் வந்துபோய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அது உயிரை எடுக்கவில்லை. மூன்றில் ஒருவரிடம் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. கூடவே எழுத்தும் போயிற்று. பிறர் பேசுவது புரியும், சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும். அங்கிருந்து சொல்லுக்கு வரும் பாதைதான் அறுந்துவிட்டது. அவர்களுக்காக வந்ததுதான் சொல்துணை. காதுக்குப் பின்னால் நாணயம் என்று ஊரார் சொல்லும் ஒரு வட்டக் கருவி, சட்டைக் காலரில் ஒரு ஸ்பீக்கர். நாணயம் மனதில் எழும் எண்ணத்தின் முளையைப் பிடித்து சொல்லகத்துக்கு அனுப்பும். சொல்லகம் என்பது கண்டோன்மெண்டில் வரிசை வரிசையாக இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்த ஒரு பெரிய கட்டடம். அங்கே முளை வாக்கியமாக விரிந்து, பேசுபவரின் சொந்தக் குரலிலேயே, அந்த நேரத்து இருமலும் சிரிப்பும் சேர்ந்து திரும்பி வரும்.

விரிய வைத்தது, லிஸ்ப் என்ற பழைய கணினி மொழியை வரி வரியாகப் படித்து இயக்கும் ஒரு வரிபெயர்ப்பி. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது அவசரத்துக்கு அதுதான் கைக்குக் கிடைத்தது; அதை எழுதியவர்கள் போட்ட அடைப்புக்குறிகளை எண்ணி முடித்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அதில் ஆயிரக்கணக்கான விரிவிகள் இருந்தன. மேக்ரோ என்று வெளியூரில் சொல்வது. விரிவி ஒரு வாக்கியம் அல்ல, வாக்கியம் செய்யும் பக்குவம். 'ஆறுதல்' என்று ஒரு முளை வந்தால், அந்த விரிவி முதலில் கேள்வி கேட்கும். எதிரே யார்? போனவர் உனக்கு யார்? அவரிடம் கடைசியாக என்ன பேசினாய்? இப்போது உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? எல்லாவற்றையும் கேட்டு, கட்டி, சரிபார்த்து, பிறகு பேசும். ஒருவர் ஒரே நாளில் நூறு முறை தண்ணீர் கேட்டாலும் நூறு முறையும் அடியிலிருந்து விரியும். கணினி படிக்கிற எந்தப் பிள்ளையும் உச்சுக்கொட்டுகிற அநியாயம் அது.

சொல்லகத்தை வேகப்படுத்துவதே வேலையாக இருந்த நிதர்சன் கண்டுபிடித்த தீர்வும் எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடியதுதான். முதல் முறை விரிந்ததை அப்படியே எடுத்து வை; அடுத்த முறை விரிக்காதே, வைத்ததை எடுத்துக் கொடு. அதற்குத் 'தேக்கம்' என்று பெயர் வைத்தான். பெயர் வைப்பதில் காட்டிய கவனத்தைச் சோதனையில் காட்டவில்லை. உறையூர்ப் பகுதியில் மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று காலையில் போட்டவன், யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்பதையெல்லாம் பார்க்காமல், விரிவியின் பெயரை மட்டும் பார்த்துத் தேக்கத்திலிருந்து எடுக்கும்படி விட்டுவிட்டான். சாவுக்கும் கல்யாணத்துக்கும் பொதுவான 'சடங்கு' என்ற விரிவியும், அதற்குப் பதில் சொல்லும் விரிவியும் அன்று காலை முதலில் விரிந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மிச்சம் உறையூரில் அமலதாஸ் வீட்டு வாசலில் நடந்தது.

வரிசையில் அவன் மனைவி யாழிசையும் இருந்தாள். தென்னூரில் மருந்துக்கடை வைத்திருந்தாள். அவளும் சொல்துணைக்காரிதான். ரோசலினிடம் "சாப்பாடும் அருமை" என்று தன் குரலே சொன்னதைக் கேட்டதும், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து, நிதர்சன் பதறிப் பதறித் தேக்கத்தை நிறுத்திய பிறகு, அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். வாக்கியம் நிதானமாக வந்தது.

"அவர் என் கடைக்கு தினமும் பன்னு குடுத்து விடுவாரு, நிதர். நான் அவருக்கு இத்தன நாளா சொல்லாத நன்றிய இன்னைக்குச் சொல்லணும்னு இருந்தேன். கல்யாணச் சாப்பாட்டப் பத்திப் பேசிட்டு வந்திருக்கேன்."

"அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு. பேக்கரிக்காரருதான, சாப்பாட்டப் பாராட்டினா சந்தோஷப்படுவாரு."

மறுபடியும் அரை நிமிடம். "ஆரம்பிச்சுட்டியா? போய் வேலையப் பாரு" என்றாள், கடைசியில் கொஞ்சம் மூச்சு விட்டுச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பு வந்ததும் நிதர்சனுக்கு உயிர் வந்தது. எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் ஒரு கிண்டலைப் பிடித்து ஏறி வந்துவிடலாம் என்பது அவன் இருபது வருட இல்லற அனுபவம்.

மறுநாள் வேலை போய்விடும் என்று மேசையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தான். அவன் மேலதிகாரி ஜெசிந்தா கூப்பிட்டார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க நிதர்சன்?"

"தப்புதான் மேடம்."

"தப்பு கெடக்கட்டும். அந்தச் சில மணி நேரத்துல உறையூர்ல யாருமே காத்திருக்கல, கவனிச்சீங்களா? தப்பான வாக்கியம்தான், ஆனா என்னா வேகம்!"

வேலை போகவில்லை. ஆனால் ஓடுகிற அமைப்பில் கை வைக்கும் உரிமையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இனி அவன் எழுதித் தரலாம், வேறு ஆள்தான் போடுவார். அவன் திருத்தி எழுதித் தந்தான். இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் தேக்கம். யாரிடம், என்ன சந்தர்ப்பத்தில், எந்தத் தொனிக்குப் பதிலாக என்று பார்த்து, நெருக்கமாகப் பொருந்தினால் மட்டும் அவரே முன்பு பேசிய வாக்கியம் வரும். பொருந்தாவிட்டால் பழையபடி புதிதாக விரியும். "அந்த நெருக்கத்தக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றார் ஜெசிந்தா. தளர்த்தினான். "இன்னும் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். முதுகைத் தட்டிக்கொடுத்தால் எதையும் தளர்த்தக்கூடிய ஆள் அவன்.

ஊர் பேசத் தொடங்கியது. காவிரிப் பாலத்தில் ஆட்கள் நடந்துகொண்டே பேசினார்கள். காய்கறிக் கடைகளில் பேரம் பழைய வேகத்துக்கு வந்தது. டீக்கிளாசு மூடிகள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. பாராட்டுக் கூட்டம் போட்டு அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவன் வீட்டில் அதை இஸ்திரி மேசைக்கு விரித்துக்கொண்டான். விரிக்கும் வேலை பத்தில் ஒன்றாகக் குறைந்ததால், சொல்லகத்து இயந்திரங்களைக் கழற்றி வானிலைக் கணிப்புக்குக் கொடுத்துவிட்டு, மூலையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில், காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாக, நிதர்சனும் யாழிசையும் முழு வேகத்தில் ஒரு சண்டை போட்டார்கள். தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று. அவன் ஒன்று சொல்ல, அவள் வெட்ட, அவன் திரும்பச் சொல்ல, அவள் அவன் அக்காவை இழுக்க, ஆகா, என்ன சுகம்! சண்டை முடிந்ததும் இரண்டு பேருக்கும் மூச்சிரைத்தது. நிதர்சன் அன்று தன் தொழிலை நினைத்துப் பெருமைப்பட்டான்.

அடுத்த வாரம் மோட்டாரை மறுபடி அணைக்காமல் விட்டான். சண்டை வந்தது. பாதிச் சண்டையில் அவனுக்கு ஏதோ உறுத்தியது. அவன் அக்காவை அவள் இழுத்த இடம் போன வாரம் இழுத்த அதே இடம். வார்த்தை அதே வார்த்தை. "உங்கக்கா வீட்ல மட்டும்" என்பதற்குப் பிறகு போன வாரம் அவள் விட்ட அதே சின்ன இருமலும் வந்தது. இப்போது அவளுக்கு இருமல் இல்லை.

அதன் பிறகு அவன் கேட்கத் தொடங்கினான், கேட்காமலே இருந்திருக்கலாம். சாப்பாடு எப்படி என்றால் "உப்பு ஒரு கல்லு கம்மி, மத்தபடி நல்லாருக்கு." உப்பை அள்ளிக் கொட்டிப் பார்த்தான். உப்பு ஒரு கல் கம்மி, மற்றபடி நன்றாக இருந்தது. கடையில் கூட்டமா என்றால் "மழைக்காலமில்ல, அப்படித்தான்." அப்போது சித்திரை. எந்தக் கிண்டல் செய்தாலும் "ஆரம்பிச்சுட்டியா? போய் வேலையப் பாரு", கடைசியில் கொஞ்சம் மூச்சு விட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் அடையாளம் கண்டுகொண்டான். அமலதாஸ் செத்த அன்று சிரித்தது. தேக்கம் புதிதாக எழுதப்பட்டபோது பழைய பதிவுகளிலிருந்து நிரப்பப்பட்டது. நிரப்பும் நிரலையும் அவன்தான் எழுதினான்.

"யாழி, உண்மையச் சொல்லு. நீயா பேசுற?"

"பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?" கண் இமைப்பதற்குள் வந்தது. எப்போதோ ஒருமுறை போனில் அவன் விளையாட்டுக்கு அப்படிக் கேட்டபோது சொன்னது.

தலையாட்டிக் காட்டச் சொன்னான். ஆமாம் என்று ஆட்டினாள். பிறகு இல்லை என்று ஆட்டினாள். பிறகு தோளைக் குலுக்கினாள். மூன்றுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அவனைக் கலங்கடித்தது. தன் குரல் ஏதோ சொல்வதை, வானொலி கேட்பவளைப் போல அவள் தலை சாய்த்துக் கேட்பதை இப்போது அடிக்கடி பார்த்தான். சரி, அதுவும் சரிதான் என்பது போல விட்டுவிடுவாள். தவறு என்று சொல்ல நினைத்தால் அதுவும் ஒரு முளைதானே. 'குறை' என்ற விரிவிக்குப் போகும். "ஒண்ணுமில்ல, மாத்திர கசக்குது, அவ்ளோதான்" என்று திரும்பி வரும். ஊரில் எத்தனை ஆயிரம் பேருடைய முறையீடு இப்படிக் கசக்கிற மாத்திரையாகவும் அடைத்துக்கொண்ட சாக்கடையாகவும் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான்.

ஜெசிந்தாவிடம் போனான்.

"புகார் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார்.

"வராது மேடம். புகார் சொல்ல நெனச்சாலே பழைய புகார்தான் வரும். அதான் பிரச்சினையே."

"அப்போ புகார் இல்ல."

"என் மனைவிக்கு மட்டுமாவது எடுத்துடலாம் மேடம். அவங்க காத்திருந்து பேசட்டும், நான் காத்திருந்து கேட்டுக்கறேன்."

"இருக்கறது ஒரே மெஷின். அவங்களுக்கு எடுத்தா எல்லாரும் கேப்பாங்க. எல்லாத்தையும் புதுசா விரிச்சா, ஒருத்தரோட காலை வணக்கம் சாயங்காலம்தான் வரும். பரவால்லையா?"

"வானிலைக்காரங்ககிட்டேர்ந்து ரெண்டு மெஷினத் திருப்பி வாங்கினா?"

"பரிசீலிக்கலாம்."

"மேடம், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நாம செஞ்சது தப்பா, இல்லையா?"

"எல்லாக் கோணத்துலயும் பாக்கணும் நிதர்சன். பரிசீலிக்கலாம்."

ஜெசிந்தாவுக்கும் காதுக்குப் பின்னால் நாணயம் உண்டு. ஆனால் காய்ச்சலுக்கு முன்பும் அவர் இதே வேகத்தில் இதையேதான் சொல்வார்; ஆகவே இந்த ஒரு விஷயத்தில் தேக்கத்தின் மேல் பழி போட அவனால் முடியவில்லை.

ஒரு வழி மட்டும் பாக்கி இருந்தது. எதனோடும் பொருந்தாத கேள்வி ஒன்றைக் கேட்டால், தேக்கத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது. முளை அந்த ஒற்றை இயந்திரத்துக்குப் போய் வரிசையில் நின்று, அடியிலிருந்து விரிந்தாக வேண்டும். தாமதமாகும். ஆனால் வருவது அவளுடையதாக இருக்கும். ஒரு கேள்விக்கு ஒரே வாய்ப்பு. விரிந்து வந்த பதில் உடனே தேக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், அடுத்த முறை அதே பதில்தான்.

புதிய கேள்விக்கா பஞ்சம் என்று உற்சாகமாக இறங்கினான். "காக்காவுக்கு முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும்?" ஆரம்பிச்சுட்டியா? போய் வேலையப் பாரு. "நீ ராணியா இருந்து நான் உன் குதிரையா இருந்தா எனக்குக் கொள்ளு வப்பியா?" ஆரம்பிச்சுட்டியா? "செவ்வாய் கிரகத்துல மருந்துக்கடை வச்சா ஞாயித்துக்கிழம லீவு விடுவியா?" போய் வேலையப் பாரு. ஒரு நாள் கையை ஊன்றித் தலைகீழாக நின்றுகொண்டுகூடக் கேட்டான். அதற்கும் அதே மூச்சு, அதே சிரிப்பு. அவள் முகம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எவ்வளவு விசித்திரமாகக் கேட்டானோ அவ்வளவு கச்சிதமாக அது பொருந்தியது.

சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்க அவன் நிரல் படிக்க வேண்டியிருக்கவில்லை; தொனியைப் பார்க்கும் பகுதியை எழுதியவனே அவன்தான். கேட்பவரின் குரல் எந்த வகை என்று அது முதலில் பார்க்கும். நிதர்சனின் குரலுக்கு யாழிசையின் தேக்கத்தில் ஒரே வகைதான் இருந்தது. இருபது வருடத்தில் அவன் அவளிடம் வேறு குரலில் பேசியதே இல்லை. கல்யாணத்துக்குக் கேட்டதே, "உனக்கும் பொழுது போகல, எனக்கும் போகல, சேந்து போக்கலாமா?" என்றுதான். காய்ச்சலில் அவள் பேச்சு போன அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே கடைசி வார்த்த என்னோடதுதான்" என்றான். அழுகையை அடக்கிக்கொள்வதற்காக அவன் சொன்னது அது. அவளுக்கு அது தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தான். கேட்டுப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மருந்துக்கடைக்குப் போனான். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. யாழிசை காலாவதியான மாத்திரை அட்டைகளைப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாயைத் திறந்தால் ஒரு கிண்டல் தயாராக நின்றது. விழுங்கினான். அடுத்தது வந்தது. அதையும் விழுங்கினான். தொண்டையில் இத்தனை பேர் வரிசையில் நிற்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

"யாழி" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக, கொஞ்சம் உடைந்து வந்தது. "என்கூட வாழ்ந்தது உனக்கு நல்லா இருந்துச்சா?"

பதில் வரவில்லை.

உடனே வரவில்லை என்பது புரிய அவனுக்குச் சில நொடிகள் ஆயின. யாழிசையின் கையிலிருந்த அட்டை அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்டோன்மெண்டில் மூலையில் தனியாக நிற்கும் அந்த இயந்திரம் எத்தனை பேரை அனுப்பிவிட்டு இவளைக் கூப்பிடுமோ. வேண்டாம் என்றால் காதுக்குப் பின்னால் நாணயத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும், முளை அழிந்துவிடும். அவள் கை அங்கே போகவில்லை. பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, எதிரே இருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் இருமல் மருந்து கேட்டார். நிதர்சன் கையை அசைத்துப் போகச் சொன்னான். "கடைதான தெறந்திருக்கு, என்ன சார் நீங்க" என்று அவர் சலித்துக்கொண்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்து தன் வழக்கமான குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொனியைப் பார்க்கிற அந்த உருப்படாத பகுதி பாய்ந்து வந்து, விரிந்துகொண்டிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ஆரம்பிச்சுட்டியா" என்று எடுத்துக் கொடுத்துவிடும். ஆகவே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தை இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்து வெகு நாட்களாயிற்று. இடது புருவத்தில் ஒரு நரைமுடி இருந்தது. அதைப் பற்றி அருமையான ஒரு கிண்டல் தோன்றியது. கடித்தான்.

ஷட்டருக்கு அடியில் கிடந்த வெயில் நகர்ந்து ஸ்டூலின் கால்வரை வந்தது. யாழிசையின் கண் நிறைந்தது, துடைக்கவில்லை. அவளும் காத்திருக்கிறாள், தான் சொல்லப்போவது என்ன என்று கேட்க அவளும் அவனைப் போலவே காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

காலரில் ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது. வந்த குரல் எந்தப் பழைய நாளின் குரலும் இல்லை. இருமல் இல்லை, சிரிப்பு இல்லை, கொஞ்சம் வயதாகியிருந்தது.

"முழுசா இல்ல, நிதர். நான் எதையாவது சொல்ல வந்தப்பல்லாம் நீ என்னைச் சிரிக்க வச்சு அனுப்பிட்ட."